மேசை விரிப்பும் மானியப் பலகையும்

டீ நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எனக்கு இப்போதெல்லாம் எல்லாமே தூக்கலாகத்தான் இனிக்கிறது, அதனால் டீயைக் குறை சொல்ல மாட்டேன்.

விவசாய மானியம் யார் யாருக்குப் போகிறது என்று ஊரறியப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லிச் சட்டம் வந்ததே, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் நூறாண்டு வாழட்டும். பலகையில் உள்ள பெயர்மேல் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். எழுதுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டாம். சீட்டு விழுந்தால் அந்த வீட்டுப் பணம் நிற்கும். மறுநாளே மானிய அதிகாரி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிலத்தைப் பார்ப்பார். அதுதான் அவர்கள் முறை.

முதல் சீட்டு யார் போட்டதோ, அதிகாரி எதிர்வீட்டுக்கு வந்தார். வெயிலில் வந்தவர் எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "உங்க வீட்டுத் தண்ணி ருசியா இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு கோழிக்காரர்மேல் ஒரு சீட்டு போட்டேன். வந்தார். தேனீக்காரம்மாமேல் போட்டேன். வந்தார். ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் போனார். எல்லோரும் யோக்கியர்கள் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தது, நல்லதுதானே. பணம் நின்றதால் தீவனம் வாங்க முடியாமல் கோழிக்காரர் கோழிகளை வந்த விலைக்குத் தள்ளினார், வாஸ்தவம். ஆனால் அந்தக் கோழிகளுக்கு வாயும் அதிகம்.

தெருவில் ஆள் தீர்ந்ததும் அத்தான் பெயரை எழுதினேன். அத்தான் என் அக்காவின் கணவர். அவர்கள் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். புது மோட்டாருக்கு வரவேண்டிய பணம் நின்றது. ஓட்டை மோட்டாரை அவரே ஒட்டுப் போட்டு ஓட்டினார்.

சீட்டு விழுந்த மறுநாள் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனதும் அத்தான் மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் மச்சினி, அவர் வர்றது அவர் டிரைவருக்கே தெரியாது. நீ மட்டும் காலையிலேயே பூப்போட்ட விரிப்பை விரிச்சு வெச்சிருந்தியே?"

நான் தலைகுனிந்தேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அட கழுதை. ஆளைப் புடிச்சிருந்தா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? நானே போய்ப் பேச மாட்டேனா?"

"சும்மா இருங்க அத்தான்."

"பேசுறேன். ஆனா சீட்டெல்லாம் போட்டது நீதான்னு முதல்ல அவர்கிட்ட சொல்லிடுவேன். கோழிக்காரன் மூஞ்சியில நாம முழிக்கணும்ல?"

தங்கமான மனிதர் ஐயா. அந்த ஒரு பிடிவாதத்தைத் தவிர அவரிடம் குறையே கிடையாது.

சாயங்காலம் தொட்டித் தண்ணீரில் இறங்கி மோட்டார் ஒயரைக் கையில் பிடித்தபடி, "சுவிட்சுகிட்ட நின்னுக்கோ, யாரும் போட்டுடாம பாத்துக்கோ கல்யாணப் பொண்ணே" என்றார். பார்த்துக்கொண்டேன். வேறு யாரும் போடவில்லை. நான்தான் போட்டேன்.

மறுநாள் அதிகாரி வந்தார், சீட்டே இல்லாமல். என் தோளில் கைவைத்து, "தைரியமா இருங்கம்மா" என்றார். அக்காவைத் தேற்றிக்கொண்டிருந்ததில் விரிப்பை விரிக்க ஒழியவில்லை. அது ஒன்றுதான் மனதை உறுத்துகிறது.

கோர்ட்டில் சாட்சி சொல்ல அதிகாரியும் வருவார் என்றீர்களே. எந்தக் கிழமை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் ஐயா. தலைக்குக் குளிக்க வேண்டும்.