முழங்கால் உயரம்

கிளெமாடிஸ் கொடி வாங்க நினைப்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: மே மாதத்தில் நர்சரிப் பக்கம் போகாதீர்கள். அப்போது எந்தக் கொடியும் பல்லைக் காட்டி மயக்கிவிடும். ஆகஸ்ட் கடைசியில் போங்கள். ஊர் ரோஜாவெல்லாம் களைத்துத் தொங்கும்போது எது பூத்து நிற்கிறதோ, அதை வாங்குங்கள்.

உட்காருங்கள், பவுலா, தேநீர் ஆறிவிடும். உங்கள் பெரியம்மா தெல்மாவின் சுவரில் இந்த மே மாதம் மட்டும் எப்படி இத்தனை பூ என்று கேட்டீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

என் தோட்டத்தில் இருப்பவை எல்லாம் தாமதமாகப் பூப்பவை. ஜூலையில் ஊதா, பிறகு கருஞ்சிவப்பு, பிறகு மஞ்சள் கூண்டு விளக்குபோல் தொங்குவது, கடைசியில் பாதாம் மணக்கும் வெள்ளை. வளர்ப்பதும் சுலபம். வேருக்கு நிழல், தலைக்கு வெயில், பிப்ரவரியில் முழங்கால் உயரம் விட்டு மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும். ஆனால் இவை அந்த வருஷத்துப் புதுத் தண்டில் பூப்பவை, வெட்டினால்தான் குஷி. மே மாதத்தில் பூப்பவை அப்படியல்ல. பழைய தண்டில்தான் மொட்டு வைக்கும். பிப்ரவரியில் அவற்றை வெட்டினால் அந்த வருஷத்துப் பூ முழுவதும் குப்பைமேட்டுக்குப் போகும். நாற்பது வருஷமாக எனக்கு இது தெரியும்.

தெல்மாவின் மகன், உங்கள் அண்ணன் நைஜல், ஓர் அக்டோபரில் அந்தக் கொடியை நட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

"என்ன கலருடா?" என்று தெல்மா கேட்டார்.

"பூக்கறப்போ பாத்துக்கோம்மா. இப்பவே சொல்லிட்டா அப்புறம் என்ன சுவாரஸ்யம்?" என்று சொல்லிவிட்டு, கொடியில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஜனவரியில் பனி உறைந்த சாலையில் அவனுடைய பைக் சறுக்கியது; அவன் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு தெல்மாவுக்கு இந்த உலகத்தில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்த நிறம்.

அந்த மே மாதம் அவர் விட்பியில் உங்கள் அம்மா வீட்டில் இருந்தார். கொடி சுவரேறி என் பக்கம் ஒன்பது பூ பூத்தது. ரோஜா நிறம், வெனிலா வாசனை. ஒன்பதையும் கிள்ளி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். சாப்பாட்டு மேசையில் நான்கு நாள் அழகாக இருந்தன.

செப்டம்பரில் என் ஊதாக்கொடியைப் பார்க்கத் தெல்மா வந்தார், கையில் ப்ளம் கேக்கோடு.

"டெரிக், உங்களுது இப்படிக் கொட்டுது. எங்க நைஜலோடது ஏன் ஒண்ணுகூடப் பூக்கல?"

"வெட்டணும் தெல்மா. பிப்ரவரில நானே வந்து வெட்டித் தர்றேன்."

வெட்டித் தந்தேன், முழங்கால் உயரம். அந்தக் கோடையில் இலை கொழுகொழுவென்று வந்தது, பூ வரவில்லை. செப்டம்பரில் மறுபடி கேக்கோடு வந்தார். அப்படிப் பத்து வருஷம். மழை பெய்தாலும் நான் பிப்ரவரியைத் தவறவிட்டதில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு தெல்மா கேலி பேசுவார்.

"உங்க கத்தரிக்கோலுக்குத்தான் வருஷா வருஷம் அமோக விளைச்சல். எனக்கு ஒத்தைப் பூ காட்டக் கூடாதா?"

இருவரும் வயிறு குலுங்கச் சிரிப்போம். என் மனைவி போன பிறகு அந்தத் தோட்டத்தில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், பவுலா. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மே மாதத்துப் பூ இரண்டு வாரம். பார்த்திருப்பார், அழுதிருப்பார், ஆசை தீர்ந்திருக்கும். பிறகு என் வாசலுக்கு வர அவருக்கு என்ன காரணம்? நான் அவருக்குப் பத்து வருஷம் எதிர்பார்ப்பைக் கொடுத்தேன். அந்த வயதில் யாருக்கு அது கிடைக்கிறது?

போன வருஷம் பிப்ரவரியில் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக நான் மருத்துவமனையில் இருந்தேன். தெல்மா போன் செய்தார்.

"டெரிக், இந்த வருஷம் அத அப்படியே விட்டுடட்டுமா? எனக்கும் உடம்பு சரியில்ல. என்னவோ, விட்டுப் பாக்கலாம்னு தோணுது."

"இத்தன வருஷம் பாடுபட்டுட்டு இப்பப் போய் விடறதா? உங்க இஷ்டம்மா. பாவம், நைஜலோட கொடி."

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டார். குரலில் அத்தனை உற்சாகம். "நானே வெட்டிட்டேன்! முட்டிபோட்டு, ஸ்கேல் வச்சு அளந்து, சரியா முழங்கால் உயரம். வாத்தியாருக்குத் திருப்திதானே?"

"ரொம்பத் திருப்தி," என்றேன். அது பொய்யில்லை.

செப்டம்பரில் கேக் வரவில்லை, நீங்கள்தான் வந்தீர்கள், கறுப்பு உடையில். இந்தப் பிப்ரவரியில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது, வெட்ட ஆளில்லை. அதனால்தான் இன்று சுவர் முழுவதும் ரோஜா நிறம். வெனிலா வாசனை இங்கே வரைக்கும் வருகிறது, பாருங்கள்.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் சொல்லும்போது பத்து வருஷம் என்று சரியாகச் சொல்லுங்கள், பதினொன்று என்று சொல்லிவிடாதீர்கள். கடைசி வருஷம் நான் அந்தக் கொடியைத் தொடவே இல்லை. வெட்டியது அவர்தான்.