பீப்பாயில் ஊற்றிய மீதி

காபி வேண்டாம், ஆபீசர். தண்ணீர் கொடுங்கள், போதும். பாட்டிலில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிறேனே என்று பார்க்காதீர்கள். காங்கேயத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் அது.

ஃப்ரீமான்ட்டில் இருபது வருடம் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதபின், லிவர்மோரில் ஐந்து ஏக்கர் வாங்கினேன். இத்தாலிச் சிவப்பு வைனுக்கான திராட்சையை நட்டேன். மயில்சாமி சாராயம் காய்ச்சுகிறானாம் என்று ஊரில் நக்கலடித்தார்கள். நான்கு வருடத்தில் ஒரே ஒரு பீப்பாய்தான் நான் நினைத்த மாதிரி வந்தது. அதைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன்.

ரஞ்சித்குமார் என் பங்குதாரர். எங்கள் ஊர்தான். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவருக்குக் கொட்டாங்குச்சியில்தான் காபி ஊற்றுவார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. ரஞ்சித்துக்கு நல்ல கண்ணாடிக் கிளாஸே கொடுத்தேன். அவருக்கென்றே தனியாக வாங்கியது.

போன மாதம் அவர் அந்தப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து ருசி பார்த்தார். கிளாஸில் மிஞ்சியதை மறுபடி பீப்பாயிலேயே ஊற்றினார். எச்சிலாயிற்றே என்றேன்.

"எல்லா வைனரியிலயும் இப்படித்தான் பண்றாங்கண்ணா," என்றார். பிறகு என்னையே பார்த்தார். "உங்களுக்கு ப்ராப்ளம் எச்சிலுங்களா, இல்ல நானுங்களா?"

அமெரிக்காவில் இருந்துகொண்டு என்ன பேச்சு இது.

திராட்சை புளிக்கும்போது தொட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு தேங்கும், கண்ணுக்குத் தெரியாது. வைனை இறக்கியபின் அடியில் கிடக்கும் தோலை அள்ள ஆள் இறங்குமுன், ஃபேன் போட்டு அதை வெளியேற்ற வேண்டும். சனிக்கிழமை ரஞ்சித் கையில் மண்வெட்டியோடு கேட்டார்.

"ஃபேன் போட்டுட்டீங்களாண்ணா?"

"அப்பவே ஓட்டி நிறுத்திட்டேன். இறங்குப்பா," என்றேன். ஃபேன் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை.

நம்பி இறங்கினார். மண்வெட்டிச் சத்தம் நான்கைந்து முறை கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. உங்களுக்குப் போன் செய்ய ஏன் இருபது நிமிடம் ஆனது என்று கேட்டீர்கள். அந்தப் பீப்பாயைச் சாக்கடையில் கொட்டிக் கழுவ அவ்வளவு நேரம் பிடித்தது.

சாதி என்று எழுதிவிடாதீர்கள். இது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த இத்தாலிக்காரரும் ருசி பார்த்த மீதியைப் பீப்பாயிலேயே ஊற்றுவார். அந்த வைனை நானே குடித்திருக்கிறேன். அது வேறு.