நரித்தோல் என ஒப்பமிடாத கைக்கு

கடமை தவறாக் கண்ணியச் செல்வியே! புலவாயோ நகரின் ஏற்றுமதிச் சோதனைக் கூடத்தில், உப்பிட்ட தோல்களின் நாற்றத்திடையே உண்மையை ஊறுபடாமல் காத்த உரவோரே! அம்மையார் சிதெம்பிசோ மாபேனா அவர்களே! எம் வணக்கம்.

வேட்டையாடிகள் வெளிநாட்டு வீட்டுச் சுவர்களுக்கென விடுத்த கொம்பையும் தோலையும், மூட்டை பிரித்து, முகர்ந்து, தடவிப் பார்த்த பின்னரே முத்திரையிட்டீர்கள். மதியத்துச் சோளக்களி எத்தனையோ நாள் ஆறிப்போயிற்று. தங்கள் ஆய்வு ஒருநாளும் ஆறியதில்லை.

குவாயி ஆற்றங்கரையில் ஒரு காட்டுநாய்க் கூட்டமே சுடப்பட்ட ஆண்டை எங்ஙனம் மறப்போம்! பாலூட்டத் தாயின்றிக் குட்டிகள் வளைக்குள்ளேயே மடிந்தன எனத் தடம்பார்க்கும் செபானியா வந்துரைத்தார். அடுத்த வாரமே ஏற்றுமதி முகவர் மசூக்கு, நரித்தோல் எனச் சீட்டொட்டிய மூட்டையொன்றைக் கொணர்ந்தார். தாங்கள் முன்காலைப் புரட்டினீர்கள்.

"நரிக்கு முன்னங்கால்ல அஞ்சு விரல் இருக்கும் மசூக்கு. இதுல நாலுதான் இருக்கு. மிச்சத்த எங்க வச்சிருக்க, உன் பையிலயா?"

"சரிம்மா, காட்டுநாய்னே வைங்க. விலங்கு வியாபாரத்துக்கான உலக ஒப்பந்தப் பட்டியல்ல அதுக்குப் பேரே கெடையாது. வாங்குற நாடே கேக்கல, நீங்க எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க?"

"அவங்க கேக்கலைன்னா என்னப்பா? நம்ம சட்டம் கேக்குதே. மூட்டைய வச்சிட்டுப் போ."

போனவர் சும்மா போகவில்லை, மேலிடத்தில் முறையிட்டார். பட்டியலில் பெயரில்லையெனில் தடையுமில்லை என்று மேலிடமே நம்பியிருந்த காலம் அது. தங்கட்கு வரவிருந்த பதவியுயர்வு வரவில்லை. வெயில் கொளுத்தும் எல்லைச் சாவடிக்கு மாற்றல் வந்தது. அங்கிருந்தும், அம்மூட்டைக்காக மசூக்கு மீது தொடர்ந்த வழக்கின் விசாரணைதோறும் பேருந்தேறி வந்தீர்கள்.

உள்நாட்டுச் சட்டமே போதும், தோல் எவ்விலங்கினது என்பதைக் கீழ்நீதிமன்றம் விசாரிக்கட்டும் என மேல்நீதிமன்றம் சென்ற ஆண்டு தீர்ப்புரைத்தது. மகிழ்ந்தோம், அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மசூக்கு மீண்டும் "அதெல்லாம் நரிதாங்க" என்கிறார்! கிடங்குக் கூரை ஒழுகித் தோல்களின் மயிர் உதிர்ந்துவிட்டது. பாதங்களை வண்டு அரித்துவிட்டது. செபானியாவை மழைக்காலத்தில் அடக்கம் செய்தோம். அவை எவ்விலங்கின் தோல்கள் எனக் கண்டுரைக்க இனித் தாங்கள் ஒருவரே உள்ளீர்கள். தங்கள் சொல் இல்லையேல், அவை நரியாகவே விமானமேறும். அவ்வழியே அடுத்த கூட்டமும் ஏறும்.

ஆதலின், அம்மையீர், தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், பிரிவு விழாக்களில் எல்லோர்க்கும் கூறுவதுபோல் தங்கட்கு நீடூழி வாழ்க எனக் கூறி அமைய எம்மால் இயலவில்லை. இரந்து கேட்கின்றோம். இரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தவறாது உண்பீர்களாக. வழக்கு பலமுறை தள்ளிப்போயிற்று, இன்னும் போகும். அழைப்பு வரும் நாளில் சாட்சிக் கூண்டேறி நிற்க, உயிரோடு இருப்பீர்களாக.

இங்ஙனம்,
தங்கள் மேசையைச் சூழ்ந்திருந்த
கூடத்துப் பணியாளர்கள்