முகப்பிசையில் நின்ற மூச்சு

காரைக்குடிக் கல்லூரி வானொலியைக் குரலால் ஆண்டு, கோபமின்றி எங்களைத் திருத்தி, இன்று பணிநிறைவு பெறும் நிகழ்ச்சி அமைப்பாளர் சந்திரலேகா அம்மையீர்! வணக்கம்.

உழவர் உரையும் தேர்வு அறிவிப்பும் ஓடிக்கொண்டிருந்த நிலையத்தில், வெள்ளிதோறும் மாலையில் ஹிப்-ஹாப் வரலாறு சொல்லத் துணிந்தவர் தாங்கள். பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் மெய்மறந்து ஆடுகிறது என்பதை, 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் இளைஞர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை மாற்றி மாற்றித் திருப்பி, அந்த நொடிகளை முடியவிடாமல் நீட்டினார். அதன்மேல் ஏழைப் பிள்ளைகள் தங்கள் தெருவின் கதையைப் பேசினார்கள். தாங்கள் இதைச் சொன்ன பிறகு, சாக்கோட்டை மாணவிகள் தங்கள் ஊரில் நிற்காத பேருந்தைத் தாளம் தட்டித் திட்டினார்கள். பேருந்து இப்போது நிற்கிறது.

அந்த நிகழ்ச்சியின் முகப்பிசைக்கு உறுமி வாசிக்க வந்த காளிராஜ் தங்களைக் கேலி செய்தார். “அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சாங்கிறீக. சாமி எறங்குற மட்டும் நாங்களும் ஒரே அடியைத்தானக்கா சுத்திச் சுத்தி அடிக்கிறோம். அடி நின்னாத்தான் வந்தது மலையேறும்.”

வாசிப்பு ஓய்ந்ததும், மைக் அருகே நின்ற அறிவிப்பாளர் சிவரஞ்சனி ஏதோ சொல்ல மூச்சை இழுத்தார். பதிவை அந்த மூச்சோடு வெட்டி, மீண்டும் மீண்டும் சுழலவிட்டீர்கள். மூச்சை நீக்கிவிடலாம் என்றார் ஒலிப்பதிவாளர் நாகேந்திரன், சிவரஞ்சனியின் கணவர். “கெடக்கட்டும் தம்பி, அடிக்கும் உசுரு வேணும்ல” என்றீர்கள்.

அடுத்த சித்திரையில் சிவரஞ்சனி காய்ச்சலில் இறந்தார்.

முகப்பிசை மாறவில்லை. உறுமி, மூச்சு. உறுமி, மூச்சு. ஆத்தங்குடியிலிருந்து மாரீஸ்வரி என்ற நேயர் அழைத்தார்: “ஏத்தா, பாட்டுல ஒரு புள்ள மூச்சு விடுதே, அது செய்தி நேரத்துலயும் கேக்குது. உள்ள யாரு இருக்கா?” கருவிகளைச் சோதித்தோம். பழுதில்லை. அதன்பின் அரங்கில் எவரும் தனியாக உட்காரவில்லை, நாகேந்திரனைத் தவிர. அவருக்குப் பயமில்லை. வாரம் முழுவதும் அவர் காத்திருந்த ஒலி அது ஒன்றுதான்.

தங்களுக்குப் பின் முகப்பிசை மாற்றப்படும் என்று நிர்வாகம் அறிவித்தது. நேற்று, தங்கள் கடைசி நிகழ்ச்சியின் முடிவில், மீண்டும் ஒலித்த முகப்பிசையை நிறுத்த நாகேந்திரனின் கை போகவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கான நேரம் கடந்தும் உறுமி சுற்றிக்கொண்டிருந்தது. தாங்கள் அவர் அருகே போய் அமர்ந்தீர்கள்.

“தம்பி, நான் வெட்டுன எடத்துக்கு அங்குட்டு இன்னும் கொஞ்சம் கெடக்கு. வெட்டுன பொறகு நானும் கேட்டதில்ல. திருப்பாம ஓடவிடுவமா?”

நாகேந்திரன் தலையசைத்தார். முழுப் பதிவை ஓடவிட்டீர்கள். உறுமி ஓய்ந்தது. மூச்சு வந்தது. பின், வானொலி கேட்ட ஊர்களிலெல்லாம் சிவரஞ்சனி பேசினார்:

“இவுகள விட்டா விடியுமட்டும் இங்கனயே கெடப்பாக. வீட்டுக்குப் போவமாக்கா?”

நாகேந்திரன் எழுந்தார். விளக்கை அவரே அணைத்தார். வாசல்வரை தாங்கள் உடன் நடந்தீர்கள்.

அம்மையீர்! நோய் அண்டாமல் நெடுங்காலம் வாழ்க! கேட்க எண்ணிய இசையையெல்லாம் இனி அவசரமின்றிக் கேட்டு மகிழ்க!

நிலையப் பணியாளர் அனைவருக்காகவும்,
நாகேந்திரன்
ஒலிப்பதிவாளர்