படத்தில் பிழைத்தவர்

— அப்பாவை எழுப்பாதீங்க சிஜுவேட்டா. பேசணும்னா இந்த வாசல்லயே நின்னு பேசுங்க.

— பேசத்தானே வந்தேன் மஞ்சு. படம் தியேட்டர்ல இறங்கினதுலேருந்து அறியாதவங்ககூட போன்ல விளிச்சு, நல்லா எழுதியிருக்கேன்னு பறயறாங்க. என் கட்டினவ மட்டும் களமசேரி வீட்டைப் பூட்டிட்டு மட்டாஞ்சேரியில அப்பன் வீட்ல வந்து இருக்கா. போனும் எடுக்கலை. நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கு அறியணும்.

— எங்க லைன் வீட்ல உள்ள எல்லாருக்கும் டிக்கெட் அனுப்பினீங்கல்ல?

— அனுப்பினேன். சந்தோஷத்துல அனுப்பினேன். தமிழ்ப் பொண்ணு, மலையாளிப் பையன், நம்ம கல்யாணக் கதை. அதை இவங்க பாக்காம வேற ஆர் பாக்குறது?

— பாத்தாங்க. குப்பை வாருறவங்க, ஓடையில தூர் எடுக்குறவங்க எல்லாரும் குளிச்சு, நல்ல துணி உடுத்தி, வண்டி பிடிச்சு இடப்பள்ளிக்கு வந்தாங்க. காமாக்ஷி அத்தை பூ வாங்கி வெச்சுக்கிட்டா. முதல் சிரிப்பே அப்பாவோடதுதான். பொண்ணோட அப்பன் 'சம்பந்தியைப் பாக்கணும்'னு சொல்ல, மாப்பிள்ளையோட அம்மா உள்ள போய் தேங்காச் சம்மந்தி, அதான் உங்க ஊர்த் துவையல், அரைச்சுக் கிண்ணத்துல கொண்டு வந்து வெக்கிறாங்களே, அதைப் பாத்துட்டு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட, அது நான்தான், நிஜமா நடந்ததுதான்னு சொன்னாரு.

— பின்னே? உன் அச்சனுக்கு வருத்தம் இல்லையே.

— அதுக்கப்புறம் கல்யாண மண்டபம் வந்துச்சு.

— மஞ்சு, அது வந்து...

— நான் சொல்றேன், கேளுங்க. பொண்ணோட அப்பன் மண்டபத்துக்குள்ள வர்றான். உடம்பெல்லாம் சாக்கடை. தோள்ல அவன் கூட்டாளி. குடிச்சுட்டு ஓடைக்குள்ள விழுந்தவனைத் தூக்கிட்டு வர்றானாம். மாப்பிள்ளையோட அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு மயங்கி விழுறா. இவன் வழுக்கிப் போய் பாயச உருளிக்குள்ள உக்காருறான். கூட்டாளி எந்திரிச்சு ஆடுறான். தியேட்டரே குலுங்குச்சு.

— சிரிக்கணும்னுதான் எழுதினேன்.

— அந்தக் கூட்டாளின்னு நீங்க காட்டின எங்க சங்கிலிப்பாண்டி மாமா என்னைக்காவது குடிச்சது உண்டா?

— இல்ல.

— அன்னிக்கு அவரு யாருக்குப் பதிலா ஓடையில இறங்கினாரு?

— எனக்கு அறியும் மஞ்சு.

— தெரிஞ்சுக்கிட்டேதான் எழுதினீங்கன்னு உங்க வாயால கேக்கணும். சொல்லுங்க.

— அச்சனுக்குப் பதிலா. அன்னிக்கு அச்சனுக்கு டூட்டி. மகளுக்குக் கல்யாணம், நீ போ அத்தான், நான் பாத்துக்கிறேன்னு மாமா விடிகாலையிலேயே போனாரு. முந்தின ராத்திரி பூரா மழை. விடிஞ்சு நேரமாகியும் ஆளைக் காணலைன்னு அச்சன் தேடிப் போனாரு. ஓடை மூடி திறந்து கிடந்தது. உள்ள மாமா குப்புறக் கிடந்தாரு. அச்சன் கயிறுகூட இல்லாம இறங்கித் தூக்கினாரு. ஆஸ்பத்திரியில, உயிர் போயிடுச்சுன்னு பறஞ்சாங்க. மாமாவை அங்க கிடத்திட்டு, கல்யாணம் நின்னுடக்கூடாதுன்னு நேரா மண்டபத்துக்கு வந்தாரு.

— வந்து என்ன சொன்னாரு?

— ஓடையில கால் வழுக்கிடுச்சுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்கம்மா மூக்கைப் பொத்தினது சத்தியம். நானும் சிரிச்சேன். எனக்கு அப்போ அறியாது.

— யாருக்கும்தான் தெரியாது. காமாக்ஷி அத்தை பட்டுச்சேலை கட்டிக்கிட்டு பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தா. அவ புருஷன் ஆஸ்பத்திரியில துணி மூடிக் கிடக்காரு. நம்ம ரெண்டு பேரும் களமசேரிக்கு வண்டி ஏறின பிறகுதான் அப்பா அவகிட்ட விஷயத்தைச் சொன்னாரு. அதுலயும் பொய். மத்தியானத்துக்கு மேல சங்கிலி மறுபடியும் இறங்கினான், அப்பதான் போனான்னு சொல்லிட்டாரு.

— அவங்க நல்லதுக்குத்தான் அச்சன் அப்படிப் பறஞ்சது.

— ஆமா. புருஷன் செத்துக் கிடக்க, பூவும் பட்டுமா சிரிச்சுக்கிட்டு நின்னோமேன்னு அவ காலம் பூரா நெஞ்சுல அடிச்சுக்கக் கூடாதுன்னு. எங்கம்மா சாகுற வரைக்கும், கூடப் பிறந்த தம்பி எப்பப் போனான்னு அவளுக்கே தெரியாது. நம்ம கல்யாண நாள் வரும்போதெல்லாம் அப்பா ஏன் வீட்டுப் பக்கமே வரமாட்டேங்குறாருன்னு நான் சண்டை போட்ட பிறகுதான் என்கிட்ட சொன்னாரு. நான் உங்ககிட்ட சொன்னேன். உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, இது வெளியில போகக்கூடாதுன்னு சொன்னேன்.

— நான் ஆர்கிட்டயும் பறயலை. படத்துல சாவே இல்லையே. முதல்ல நடந்த மாதிரிதான் எழுதினேன். புரொடியூசர் வாசிச்சுட்டு, கல்யாணப் படத்துல பிணம் வந்தா குடும்பத்தோட எவன் வருவான்னு கேட்டாரு. கொஞ்ச நாள் எழுதாமலே இருந்தேன். பின்னே தோணுச்சு, இங்கயாவது அவரு எந்திரிச்சு வரட்டுமேன்னு. ரெண்டாவது தடவை அவரைக் கொல்றதுக்கு எனக்குக் கை வரலை மஞ்சு. சத்தியம்.

— எந்திரிச்சு வரட்டும். ஏன் குடிகாரனா வரணும்?

— சிரிப்பு வரணும்ல.

— அந்தச் சிரிப்புக்குள்ள அத்தை ஒருத்தி மட்டும் சிரிக்காம உக்காந்திருந்தா. அப்பா மண்டபத்துக்கு வரும்போதே மாமாவைத் தூக்கிட்டுத்தான் வந்திருக்காருன்னு உங்க படம் அவளுக்குச் சொல்லிடுச்சு. பாதியில எந்திரிச்சு, இருட்டுல நாற்காலியைத் தடவித் தடவி வெளியில போயிட்டா. அப்பா பின்னாலயே ஓடினாரு. நானும் போனேன். படிக்கட்டுல நிக்கிறாங்க. அத்தை கேட்டது ஒரே கேள்விதான். அண்ணே, அன்னிக்கு உங்க இலையிலயும் நான்தானே சோறு போட்டேன்னு.

— அச்சன் என்ன பறஞ்சாரு?

— தலையை ஆட்டினாரு. அவ அப்படியே இறங்கி ஒரு ஆட்டோவைப் பிடிச்சுப் போனவதான். கதவைச் சாத்திக்கிட்டா. அப்பா அவ வாசல்ல போய் நின்னு பாத்தாரு, கூப்பிட்டுப் பாத்தாரு. திறக்கலை. அன்னிலேருந்து இவருக்கும் சோறு இறங்கலை. வேலைக்குப் போகலை. சாயா குடிக்கக் கடைக்குப் போனா, உருளியில உக்காந்த ஆளு வர்றாருன்னு சிரிக்கிறாங்க. நேத்து என்கிட்ட சொல்றாரு, அந்த ஓடையில நானும் சங்கிலிகூடவே கிடந்திருக்கணும் மோளேன்னு.

— நான் உள்ள போய் அச்சன் காலைப் பிடிக்கிறேன்.

— பிடிச்சு?

— அந்த சீனை வெட்டச் சொல்றேன். டைரக்டர் கேக்கலைன்னா புரொடியூசர்கிட்ட போறேன்.

— வெட்டிடலாம். அத்தை பாத்ததை எப்படி வெட்டுவீங்க? நம்ம கல்யாணமே ஒரு பிணத்தைத் தாண்டித்தான் நடந்துச்சு. அதை அப்பா தனியா சுமந்தாரு, அப்புறம் நான் கொஞ்சம் வாங்கிக்கிட்டேன். நீங்களும் எங்ககூடச் சுமக்குறீங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். நீங்க அதை ஊருக்கு வேடிக்கை காட்டிட்டீங்க.

— என் முகத்தைப் பாத்துப் பறயு. நான் வேணும்னு செஞ்சேனா?

— வேணும்னு செஞ்சிருந்தா கோவப்பட்டுட்டு வந்துடுவேன். உங்களுக்கு அது தப்புன்னே தோணலை பாருங்க, அதான் எனக்குப் பயமா இருக்கு. நான் களமசேரிக்கு வரலை சிஜுவேட்டா. நீங்க போங்க. அத்தை வர்றா. அவ முன்னால நிக்காதீங்க.

— மாப்பிள்ளை நிக்கட்டும் மஞ்சு. அண்ணன் உள்ள இருக்காரா? ஏதாவது சாப்பிட்டாரா?

— இல்ல காமாக்ஷி அத்தை. நீங்க கதவைத் திறக்கலைன்னு படுத்தவருதான். அவரை மன்னிச்சிடுங்க. என் கல்யாணம் நிக்கக்கூடாதுன்னு உங்களை ஏமாத்திட்டாரு.

— மாமி, தெற்று, தப்பு எல்லாம் என்னோடது. என்னைத் திட்டுங்க.

— உங்களைத் திட்ட வேண்டியது தனியா இருக்கு மாப்பிள்ளை. எம் புருஷன் ஒரு நாளும் குடிச்சதில்ல. அதை அப்புறம் பேசுவோம். கதவைச் சாத்தினது கோவத்துல இல்ல கேட்டியா மஞ்சு. அந்த மனுஷன் எந்திரிச்சு ஆடுறதைப் பாத்தேன். அவருக்கு ஆடவே தெரியாது. ஆனா உடம்புல உசிரு இருந்துச்சுல்ல. எனக்குத் தாங்கலை. இத்தனை வருஷமா வராத அழுகை எல்லாம் வந்துடுச்சு. அதை அண்ணன் பாக்க வேணாம்னு சாத்தினேன்.

— அப்ப படிக்கட்டுல அப்பாகிட்ட அப்படிக் கேட்டீங்களே?

— குத்தம் சொல்லக் கேக்கலை தாயி. வேற ஒண்ணு சொல்ல வந்தேன். அதுக்கு வாய் வரலை. அதைச் சொல்லத்தான் இப்ப வந்தேன்.

— சொல்லுங்க அத்தை.

— அன்னிக்கு அண்ணன் மண்டபத்து வாசல்ல வந்து நின்னதும் எல்லாரும் அவரு மேல இருந்த சேத்தைப் பாத்தாங்க. நான் அவரு தோள்ல கிடந்த துண்டைப் பாத்தேன். விடிகாலையில, மழை பெய்யுதேன்னு எம் புருஷன் தலையில நான் கட்டிவிட்ட துண்டு. அண்ணன் என் முகத்தைப் பாக்காம ஒதுங்கிப் போய் நின்னாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ மணவறையில தலை குனிஞ்சு உக்காந்திருந்தே. முதல்ல உன் கழுத்துல ஏறட்டும்னு, நான் என் தாலியைச் சேலைக்குள்ள தள்ளிவிட்டுக்கிட்டு குலவை போட்டேன்.