அது பிள்ளையார் சுழி இல்லை

என் டிசைனில் என் பெயர் வேண்டும் என்று உங்களிடம் கேட்டேன், முதலாளி. மே மாதம் இருபத்தாறாம் தேதி, காலை டீ வந்த நேரம். எது வேண்டுமானாலும் கேள், லீவு கேள், ஃபேன் கேள், பெயரை மட்டும் கேட்டுவிடாதே என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே ரேணுகாதேவி அக்கா சொல்லியிருந்தார். கேட்டேன். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

“நெய்யறவன் பேரே எந்தப் புடவையிலயும் இல்ல. நெழல்ல குந்திகினு கட்டம் போடறவ பேரு வேணுமா? போ உதயா, போளூர் பார்ட்டி வேலையைப் பாரு.”

போளூர்க்காரர்களுடையது முகூர்த்தப் புடவை. முந்தானையில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் ஒரு சாண் உயரத்துக்கு வரவேண்டும். புடவைப் பெட்டியின் மேல் வீரபாகு என்று உங்கள் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். வரைந்தவள் பெயருக்கு மட்டும் இடம் கிடையாது. சரி என்று போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு என் கோபம் உங்கள் மேல்தான், அக்கா மேல் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அக்காவுக்குத்தான் நடந்தது.

கலசப்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் தெருவில், டிகிரி முடித்த முதல் ஆள் நான். என் அப்பா தணிகாசலத்துக்குக் கையெழுத்து போட மட்டும் தெரியும். எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பில் மாமா பையனின் பென்டிரைவ் வழியாக வைரஸ் வந்து, ஒருநாள் படமே வராமல் போனது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். கடையில் கொடுக்க வழியில்லை. லீவு முழுக்க அந்தக் கறுப்புத் திரையைப் படித்தேன். திரையில் படம் வராதபோதுதான் கம்ப்யூட்டர் உண்மை பேசும். எது எங்கே உடைந்தது, எந்த ஃபைல் யாருக்குச் சொந்தம் என்று வரிவரியாகச் சொல்லும். படிக்கத் தெரியவேண்டும். உங்கள் கடையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பத்தாவது. ஆனால் பதினாறு வருஷமாக உங்களிடம் இருப்பவர். அவர் வீட்டுக்காரர் ஜெகநாதன் அண்ணன் உங்கள் பாவில்தான், நீங்கள் கொடுத்த பட்டு நூலைத் தறியில் ஏற்றித்தான், இரண்டு தறி ஓட்டினார். நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு முந்தானையில் பெயரை நேராக வரைந்துவிட்டேன். நம் தறியில் புடவையின் முகம் கீழே பார்த்துத்தான் நெய்யப்படும், எழுத்தைத் திருப்பிப் போடவேண்டும் என்று காலேஜில் யார் சொல்லித் தருவார்கள்? தறிக்குப் போகிற நேரத்தில் அக்கா பார்த்துவிட்டார். திருப்பிப் போட்டார். உங்களிடம் சொல்லவில்லை. “கண்ணாடியில தலை வாரிக்கிற மாதிரி நெனச்சிக்கோ, டிகிரி,” என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து என் டிசைன் எல்லாவற்றையும் கடைசியாக அவர்தான் பார்த்துத் திருப்பி அனுப்புவார்.

இருபத்தாறாம் தேதி மத்தியானம் அக்கா வழக்கம்போலச் சாப்பிட வீட்டுக்குப் போனார். ஒன்று இருபதுக்கு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரைத் திறக்கிற பாஸ்வேர்டு எங்கள் இருவருக்கும் தெரியும். முடிந்த டிசைன்களைப் பூட்டி வைக்கிற ஃபோல்டருக்கு வேறு பாஸ்வேர்டு, ரூட் பாஸ்வேர்டு. ரூட் என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்கே முதலாளி மாதிரி. அதை அக்காவுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தீர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவர் அதைப் போடுவார். ஆனால் விரலை மறைக்கத் தெரியாதவர். இளமதி என்ற மகள் பெயரும் அவள் பிறந்த வருஷமும். இரண்டு சனிக்கிழமையில் எனக்கு வந்துவிட்டது.

என் டிசைன்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்க்க நினைத்தேன். அவ்வளவுதான். பார்த்தேன். அக்கா வரைந்ததும் நான் வரைந்ததும் சேர்த்து நாற்பது ஃபைல். நாற்பதிலும் ‘ரேணுகா’.

அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிற ஒரே லாகின் ரேணுகா. யார் உட்கார்ந்து வரைந்தாலும் அந்தப் பெயரில்தான் சேரும். இது எனக்குத் தெரியும். முதல் செமஸ்டர் பாடம். தெரிந்துகொண்டேதான் கோபப்பட்டேன். ஒரு ஃபைலையும் திறந்து பார்க்கவில்லை, பட்டியலோடு மூடிவிட்டேன்.

ஜல்தியில் ஒரு தப்பு செய்தேன். அக்கா, கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்த பெங்களூர் எஞ்சினியர் சொல்லிக் கொடுத்தபடி, மந்திரம் மாதிரி நாலு வரி அடித்து வேலையை முடிப்பார். நான் வரி அடிக்காமல், ரூட்டாக இருந்துகொண்டே ஃபோல்டர் படத்தை மவுஸால் அழுத்தித் திறந்தேன். அப்படிச் செய்தால் உள்ளே ஒரு சின்ன ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாக மாறிவிடும். அந்தச் சின்ன ஃபைல்தான் ரேணுகா என்ற லாகினுக்கு வீட்டுச்சாவி. அதை நான் என் இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி ஆனது.

மறுநாள் காலையில் அக்கா பாஸ்வேர்டு போட்டார். திரை ஒருமுறை கறுத்தது. மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. மறுபடி போட்டார். மறுபடி கேட்டது.

“இன்னாடி இது, உள்ள விட்டுட்டு உடனே வெளிய தள்ளுது? உதயா, இங்க வந்து பாரு.”

படம் இல்லாத பக்கத்துக்குப் போனேன். கறுப்புத் திரை வந்தது. இரண்டே நிமிஷம். சாவி ரூட்டிடம் இருக்கிறது, நேற்று மத்தியானம் ஒன்று இருபத்தைந்திலிருந்து இருக்கிறது என்று எழுதியிருந்தது. சரிசெய்ய ஒரே வரி போதும், சொந்தக்காரரை மாற்றுகிற வரி. என் விரல் அதன்மேல்தான் இருந்தது.

“இன்னா எழுதியிருக்கு?” என்று அக்கா கேட்டார். தோளில் கை வைத்துக்கொண்டு, எட்டிப் பார்த்துக்கொண்டு.

“பெரிய பிரச்சினைக்கா. பார்க்கணும்,” என்றேன்.

நீங்கள் பத்து மணிக்கு வந்தீர்கள். முதல் நாள் சாயங்காலம் அக்கா திருப்பி முடித்த போளூர் டிசைன் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது, தறி நின்றிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டீர்கள். நான் சொன்னது இதுதான். இது தானாக ஆகாது. யாரோ ரூட் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டின ஃபோல்டரைத் திறந்திருக்கிறார்கள். நேற்றுத்தான் திறந்திருக்கிறார்கள். இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எத்தனை மணிக்கு என்று நீங்கள் கேட்கவில்லை.

போன ஆடியில் நம் மயில் பார்டர் மாதிரியே இன்னொரு கடையில் வந்ததை நீங்கள் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் நினைப்பு அங்கே போவதை முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் ரேணுகா?”

“எனக்கு மட்டும்தான் முதலாளி,” என்றார் அக்கா. பெருமையாகச் சொன்னார். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் சொன்னார். சொல்லி முடித்தபிறகுதான் உங்கள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வரியை அடிக்க நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். நடுவில் பெங்களூர் எஞ்சினியருக்குப் போன் போட்டு “பேஜாராப் போச்சுப்பா” என்று கத்தினீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் பின்னால் நிற்கும்போது அடித்தேன். படம் வந்தது. “படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்,” என்றீர்கள். அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, அவர் நாற்காலியை எனக்குக் காட்டினீர்கள். அது இன்னும் அவர் உயரத்துக்கே இருந்தது. இறக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே ஜெகநாதன் அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பினீர்கள். இனி பாவு கிடையாது என்று சொல்லி அனுப்பினால் போதாதா? தறியில் ஏறியிருந்த பாவைப் பாதிப் புடவையோடு அறுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். தெருவே நின்று பார்த்ததாம். டிசைனை வெளியில் கொடுத்த வீடு என்று பேர் வந்தபிறகு ஆரணியில் வேறு யார் பாவு கொடுப்பார்கள்? அடுத்த வாரம் பெரணமல்லூரில் அக்காவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஜூன் ஐந்தாம் தேதி இளமதி கடைக்கு வந்தாள். ப்ளஸ் டூ முடித்தவள். நான் படித்த அதே காலேஜில், நான் படித்த அதே கம்ப்யூட்டர் சயின்ஸில் சீட் வந்திருந்தது. ஃபாரம் நிரப்பக்கூட என்னிடம்தான் கேட்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அக்கா, ரூட்டா யார் எப்போ உள்ள போனாங்கன்னு லாக்ல இருக்குமில்ல? டைமோட இருக்கும்ல?”

பதினேழு வயது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தானாகவே படித்திருப்பாள். என்னை மாதிரி.

“இருக்கும்,” என்றேன்.

“எடுத்து முதலாளிகிட்ட காட்டுக்கா. அம்மா பேர் சரியானாத்தான் அப்பா என்னைச் சேப்பேன்றாரு. இல்லன்னா ஷூ கம்பெனிக்குப் போவச் சொல்றாரு. காலேஜ்ல சேர பதினெட்டாம் தேதி கடைசி.”

“பார்க்கிறேன்,” என்றேன்.

பார்த்தேன். லாக் என்றால் கம்ப்யூட்டர் தானாகவே எழுதிவைக்கிற வருகைக் கணக்கு; அதில் இருபத்தாறாம் தேதி, ஒன்று இருபத்திரண்டு என்று இருந்தது. அக்கா தினமும் ஒன்றிலிருந்து இரண்டு வரை வீட்டில் இருப்பார் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த ஒரு எண் போதும். இளமதி தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், அதற்குள் அதை அழித்துவிட்டேன். அவள் கேட்டபோது லாக் இருந்தது. அதனால் அவளிடமும் நான் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டேன். பல நாள் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி போளூர் புடவை தறியிலிருந்து இறங்கியது. நெய்த அய்யாக்கண்ணு அண்ணன் அதைப் புரட்டி மடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் செருகுகிற முனையில், கட்டினால் வெளியே தெரியாத இடத்தில், ஜரிகையில் ஒரு சுழி. சுண்டுவிரல் நகம் அளவு.

“இன்னாண்ணா இது, பிள்ளையார் சுழியா?”

“ஆமா, ரேணுகாம்மா போட்டது. உன் டிசைன் வந்தா மட்டும் போட்டுகீது அந்தம்மா. வேற எதுலயும் இல்ல. நீ போடறதுல தப்பு வரக்கூடாதுன்னு சாமி கும்பிடுதோ இன்னாவோ.” சிரித்தார்.

நான் மேலே வந்து பூட்டின ஃபோல்டரைத் திறந்தேன். இப்போது அந்தப் பாஸ்வேர்டை நீங்களே எனக்குக் கொடுத்திருந்தீர்கள். அன்று பட்டியலில் பார்த்த நாற்பது ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இருபத்தொன்பதில் ஒன்றும் இல்லை. பதினொன்றில் இருந்தது. திரையில் திரும்பி இருந்தது, புடவையில் நேராக வருவதற்காக. பதினொன்றும் என்னுடையவை. முதலாவது நான் சேர்ந்த இரண்டாவது மாதம் வரைந்தது.

அது பிள்ளையார் சுழி இல்லை, முதலாளி. உ. உதயாவின் உ. நீங்கள் பார்த்தாலும் திட்ட முடியாத மாதிரி, பத்தாவது படித்த ஒருத்தி யோசித்துப் போட்ட என் பெயர். நான் உங்களிடம் கேட்பதற்கு ஒரு வருஷம் முன்பே போடத் தொடங்கியிருக்கிறார். என்னிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் என் வாய் சும்மா இருக்காது என்று தெரிந்திருக்கும்.

கறுப்புத் திரையைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எழுதினேன் இல்லையா? அன்று மத்தியானம் என்னுடைய ஒரே ஒரு ஃபைலைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

இந்தக் கடிதத்தைக் கிராஃப் தாளின் பின்பக்கம் எழுதி, உங்கள் மேஜையில் சாவிக்கொத்துக்கு அடியில் வைக்கிறேன். ரூட்டாக உள்ளே போனது நான். சாவியை மாற்றியது நான். லாகை அழித்ததும் நான். ரேணுகாதேவி அக்கா எந்த டிசைனையும் யாருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் தப்பு ஒன்றும் இருக்கிறது: பதினாறு வருஷம் பார்த்த முகத்தை விட்டுவிட்டு, உங்களால் படிக்கவே முடியாத ஒரு திரையை நம்பினீர்கள். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கக்கூடாதென்று யாராவது சொன்னாலும் ஒன்று கேட்கிறேன். ஜெகநாதன் அண்ணனுக்குப் பாவை நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். தெரு பார்க்கிற நேரத்தில் போங்கள்.

நாற்காலியைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். இனி வரமாட்டேன். ஒன்பதரை பஸ்ஸில் பெரணமல்லூர் போகிறேன், அக்கா முகத்தைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல. அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். உண்மை தெரிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் குணம், இந்த ஒரு விஷயத்தில்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று அவரிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

அவர் ஒன்றும் கேட்கமாட்டார். இளமதிதான் கேட்பாள். இன்று தேதி பத்தொன்பது. நேற்றும் ஒன்பதரைக்குப் பஸ் இருந்தது.