ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு வகுப்பு

"எனக்குப் பாடம் எடுக்கவே வரலன்னு நேத்து ஒரு பேஷண்ட் கண்டுபிடிச்சுட்டாருடி."

அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இளம் டாக்டர்கள். இருவர் மடியிலும் மடித்த வெள்ளைக் கோட்டு. இதைச் சொன்னவள் ஜன்னலோரம் இருந்தாள்.

"நீதானே கிளினிக் வேணாம், காலேஜ்லயே வாத்தியாரா இருக்கப் போறேன்னே?"

"அதுக்குத்தான் நேத்து ஒத்திகை. ஜூனியர்ஸ் பத்து பேரு, ஏழாம் நம்பர் கட்டில், ஓரமா நோட்டோட எங்க சீஃப். லிவரை எப்படித் தொட்டுப் பாக்கணும்னு கம்பீரமா ஆரம்பிச்சேன்."

"அப்புறம்?"

"கட்டில்ல இருந்தவரு ஆட்டோ டிரைவர். மூணு வாரமா எல்லா பேட்ச்சும் அவரு வயித்தைத்தான் அமுக்குது. 'இன்னாமா, மூச்சை இழுக்கச் சொல்லாமயே கை வெக்கிறே, அப்பால எப்டி தட்டுப்படும்?'ன்னுட்டாரு."

"ஐயோ, மறந்துட்டியா?"

"தினமும் செய்யறதுதான்டி. சொல்லிக் குடுக்கறப்பதான் மறந்து போச்சு."

"சீஃப் திட்டுனாரா?"

"தலையாட்டினாரு. என்னைப் பாத்து இல்ல, அவரைப் பாத்து. எப்படியோ முடிச்சுட்டு வெளிய வந்தேன். திரும்பிப் பாத்தா பின்னாடி ஒருத்தரும் வரல. எல்லாரும் அவரு கட்டிலைச் சுத்தி நின்னு சந்தேகம் கேக்கறாங்க."

"நீ என்ன பண்ணே?"

"நானும் போய்க் கடைசி வரிசையில நின்னுட்டேன். நல்லாத்தான்டி நடத்துறாரு."